பக்கம் 47-இல் மூன்று ஏன் மேலேயே நிற்கிறது?

பெருமதிப்புக்குரிய கணக்குப் பயிற்சிப் புத்தக ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் புத்தகத்தை அட்டை கிழியும்வரை படித்த தீவிர வாசகி எழுதுவது. தங்களை எந்தச் செயலியிலும் காணாததால் காகிதத்தில் எழுதுகிறேன். நான் நலம். தாங்களும் நலமாகவே இருப்பீர்கள், பக்கம் 47-ஐத் திரும்பப் பார்க்கும்வரை.

ஐயா, அங்கே 3x⁻² என்பதைச் சுருக்கினால் 3/x² என்று போட்டிருக்கிறீர்கள். தப்பு. 1/(3x²) தான் சரி. நான் டியூஷனே போகாதவள். அறுபத்து மூன்று வீடியோ பார்த்து நானே கற்றவள், அதுவும் இரண்டு மடங்கு வேகத்தில். இதில் எனக்கென்ன பதற்றம் என்றால், எங்க மாமாவுக்கு இன்னைக்குப் பரீட்சை. பதினாறு வருஷமா லிஃப்ட் மெக்கானிக், இந்தக் கணக்குப் பேப்பர்ல தேறினாத்தான் சூப்பர்வைசர், ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு, இதுதான் கடைசி வாய்ப்பு. அதனால ஒரு வாரமா நான்தான் வாத்தியார். அவருக்கு அடுக்குன்னாலே அடுக்குமாடிதான். "மைனஸ் ரெண்டுன்னா தரைக்குக் கீழ ரெண்டாவது பார்க்கிங்கா?"ன்னு கேட்டார். நானும் அவர் பாஷையிலயே, பின்னக் கோட்டுக்கு மேல ஒரு மாடி, கீழ ஒரு மாடி, அடுக்குல மைனஸ் இருந்தா லிஃப்ட் கீழ இறங்கும், இறங்கினதும் மைனஸ் ப்ளஸ் ஆயிடும்னு சொன்னேன். கப்புனு பிடிச்சுக்கிட்டார். x⁻⁵ போட்டா கண்ணை மூடிக்கிட்டு 1/x⁵ங்கிறார். எல்லாம் இந்த மூணு வர்ற வரைக்கும்தான்.

"ஏம்மா, அடுக்கு x தலைமேலதான இருக்கு? மூணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒட்டிக்கிட்டுதான மாமா நிக்குதுங்க? குடும்பத்தோட இறக்குங்க."

"அடைப்புக்குறி போட்டிருந்தா குடும்பம். இது வெறும் பக்கத்து வீடு."

"வீடியோ பாத்தது நீங்களா நானா?"

"சரி தாயே."

அதோட விடாம உங்க 47-ஆம் பக்கத்தை வேற காட்டினார். அச்சுப் பிழைன்னு சிவப்பு மையில அடிச்சுக் கொடுத்துட்டேன். எங்க வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டேன், நாற்பத்தொரு பேர் ஹார்ட் விட்டிருக்காங்க. அத்தனை பேருமா தப்பா இருப்பாங்க? காலையில அவர் படியிறங்கும்போதும், "மூணை மறந்துடாதீங்க மாமா"ன்னு கத்தித்தான் அனுப்பினேன்.

ஆகவே அடுத்த பதிப்பில் தவறாமல் திருத்தவும். தங்கள் பேனாவும் கண்ணாடியும் நெடுநாள் உழைக்கட்டும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
திருத்துவதில் தயங்காத வாசகி

பி.கு.: உங்களை மொத்தமா மடக்கிடலாம்னு x-க்குப் பதிலா ரெண்டு போட்டுப் பாத்தேன். கணக்குல முக்கால் வருது. உங்க விடையிலயும் முக்கால். என் விடையில பன்னிரண்டுல ஒண்ணு. நாலு தடவை போட்டும் அதேதான். பக்கம் 47 அப்படியே இருக்கட்டும் ஐயா. கவர்ல ஸ்டாம்ப் ஒட்டிட்டதால அனுப்புறேன். மாமாவுக்கு அடிச்சா ஃபோன் ஆஃப், வாசல்லயே போய் நின்னுட்டேன். இப்பத்தான் வந்தார். அதே மாதிரி நாலு கணக்கு கேட்டிருந்தாங்களாம். "மாமா, அந்த மூணை..."ன்னு இழுத்தேன்.

"மேலயே விட்டுட்டேன். லிஃப்ட்ல ஏறாத ஆளை இறக்கிவிட்டா என்னை வேலையிலேருந்தே இறக்கிடுவாங்கம்மா."