மேலாளரின் கொழுப்பு

நிர்வாகக் கலை எத்தனையோ மேதைகளைக் கண்டிருக்கிறது. ஆனால், தன் இரத்தத்தில் ஓடும் கொழுப்பையே கீழ்நிலை ஊழியர் ஒருவரிடம் 'பொறுப்பு ஒப்படைப்பு' செய்த மேதை இந்த மேலாளர் ஒருவர்தான்.

அந்தப் பேறு பெற்றவர், மேலாளரின் கடிதங்களையெல்லாம் எழுதித் தரும் தபால் பிரிவு எழுத்தர். ஒட்டடைக் கம்புக்குச் சட்டை மாட்டியது போல இருப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'குச்சி'தான்.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் அவரை அறைக்கு அழைத்தார். வாயில் வெண்ணெய் பிஸ்கட், கையில் புதுக் கடிகாரம்.

"எனக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாம்யா. தினம் ஒரு மாத்திரை போடணுமாம், எண்ணெயைக் குறைக்கணுமாம், பத்தாயிரம் அடி நடக்கணுமாம்."

"நடந்தா நல்லதுதானே சார்."

"அதான் உன்னைக் கூப்பிட்டேன். இதைக் கட்டிக்கிட்டு நட. எத்தனை அடின்னு தலைமை அலுவலகத்துக்கு அதுவே சொல்லிடும். 'நலவாழ்வுப் பதக்கம்' தர்றாங்க."

"மாத்திரை சார்?"

"அது ஈரலைக் கெடுக்கும்னு போன்ல வந்துச்சு. மச்சான் அனுப்பினான். சோபா வியாபாரம் பண்றான், விவரமான ஆளு."

குச்சி நடந்தார். தபால் அறைக்கும் மாடிக்கும் நடந்தார்; பேருந்தை விட்டுவிட்டு வீட்டுக்கும் நடந்தார். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, உடம்பு சரியில்லாதது அவருக்கு. இளைக்கிறது நீங்களா?"

மூன்றாம் மாதம், பதக்கத்துக்கான சோதனைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து இரத்தம் எடுக்க ஆள் வந்தது. ஊசியைக் கண்டாலே மேலாளருக்கு மயக்கம் வரும். எனவே அவர் நாற்காலியில், அவர் பெயரில், குச்சி கையை நீட்டினார்.

முடிவு வந்தது. கெட்ட கொழுப்பு இருநூற்றுப் பன்னிரண்டு! அன்றே ஒரு குறிப்பாணை பிறந்தது: 'மேலாளர் அவர்களின் கொழுப்பைத் தங்கள் உடலில் கட்டுக்குள் வைக்கத் தவறியதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக.'

குச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய அப்பா அச்சகத்தில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. குச்சிக்கு இப்போது நாற்பத்தொன்று. மனைவியைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினார்.

"ஒல்லியா இருக்கேனே டாக்டர்?"

"பரம்பரையா வர்ற கொழுப்புக்கு ஒல்லியும் தெரியாது, குண்டும் தெரியாது. நடந்தது நல்லது. ஆனா உங்களுக்கு நடை மட்டும் பத்தாது, மாத்திரையும் வேணும். நீங்களா நிறுத்தாதீங்க. ஏதாவது தொந்தரவுன்னா என்கிட்ட வாங்க, போனைக் கேக்காதீங்க."

அன்றிலிருந்து மனைவி எண்ணெய்ச் சட்டியைப் பரண்மேல் போட்டாள். சாப்பாடு முடிந்ததும் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நின்று, விழுங்கும்வரை நகரமாட்டாள்.

மேலாளரோ வேறொரு கண்டுபிடிப்பில் பூரித்திருந்தார். "அது உன் ரத்தம்தானேய்யா? அப்போ என் ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்!"

"சார், ஒரு தடவை உங்க ரத்தத்தையே குடுத்துப் பாருங்களேன்."

"மேலதிகாரி ரத்தத்தையே சந்தேகப்படுறியா? உனக்குக் கொழுப்புய்யா!"

இரண்டு மாதம் கழித்து அதே நாற்காலியில், அதே பெயரில், குச்சி மறுபடி கையை நீட்டினார். கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மாத்திரை விழுங்கியவர் குச்சி, பதக்கம் மேலாளருக்கு. பாராட்டுக் கூட்டத்தில், "மன உறுதி ஒன்றே மருந்து!" என்று முழங்கிய மேலாளர், கைதட்டல் அடங்கும் முன்னே பதக்கத்தோடு சேர்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

உயிர் பிழைத்தது மருத்துவமனையின் சாமர்த்தியம். மறுவாரம் குச்சி பார்க்கப் போனபோது, படுக்கையில் இருந்தபடியே மேலாளர் விசாரணையைத் தொடங்கினார்.

"ரத்தக் குழாய் மூணு அடைச்சிருக்காம்யா. உன்னை நம்பித்தானே ஒப்படைச்சேன்? ஒழுங்கா நடந்தியா, இல்லையா?"

குச்சி கையிலிருந்த பழப் பையைக் கட்டிலோரம் வைத்தார். பதினேழு வருடங்களில் முதன்முறையாகக் குரல் நடுங்காமல் பேசினார்.

"நடந்தேன் சார். உங்க கடிதத்தை நான் எழுதினேன், உங்க நடையை நான் நடந்தேன், உங்க ரத்தத்தையும் நானே குடுத்தேன். யாரையும் ஏவாம நீங்களா செஞ்ச ஒரே வேலை இந்த நெஞ்சுவலிதான் சார்."