விழாக்கோலும் ஆங்கிலம் பேசும் வழக்கறிஞரும்

ஆங்கிலம் பேசும் வழக்கறிஞர் ஒருவர் கிடைத்துவிட்டால் உலகத்தில் தீராத அநியாயம் என்று எதுவும் இல்லை என்பது கொழுந்தனாரின் கண்டுபிடிப்பு. அந்தக் குடும்பத்தில் கண்டுபிடிப்புகள் மொத்தம் இரண்டு. மற்றது அவருடைய அண்ணன் செய்த கைத்தடி.

அண்ணன் லேத் பட்டறையில் இருபது வருஷம் நின்றவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் செய்ததைத் தூக்கிக் குப்பையில் போடுவார் என்பதால் பட்டறையில் அவருக்கு ‘அரைமில்லி’ என்று பெயர். மனைவிக்கு முட்டி தேய்ந்து கைத்தடி வாங்கிக் கொடுத்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். எங்கே சாய்த்து வைத்தாலும் தடி விழுகிறது. விழுந்ததை எடுக்க அவள் குனிகிறாள். முட்டியை மடக்க முடியாதவர்களுக்கென்றே விற்கும் சாமான், நாளைக்குப் பத்து தடவை முட்டியை மடக்க வைக்கிறது. மூன்று வாரம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, பிடிக்கு அடியில் ஸ்பிரிங் வைத்து ஒரு ரப்பர் நாக்கைப் பொருத்தினார். நாக்கு மேசை விளிம்பைக் கவ்வும். சுவரில் வழுக்காமல் நிற்கும். நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டு, விழாத கோல் என்பதைச் சுருக்கி ‘விழாக்கோல்’ என்று மேலே எழுதி அடிக்கோடிட்டார்.

மருத்துவச் சாமான் கம்பெனிக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து, சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று ஒன்றை வாங்கிப் போனார். பார்த்துக்கொண்டே இருந்தார். அரைமில்லி மாரடைப்பில் இறந்த ஏழாம் மாதம், அதே தடி கம்பெனியின் பெயரைத் தாங்கி ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. விழாமல்.

“எனக்குப் பணம் எல்லாம் வேண்டாம் தம்பி” என்றார் அண்ணி. “அந்தப் பிடியில அவர் பேரு இருக்கணும். அவ்வளவுதான்.”

“அண்ணி, இது அறிவுசார் சொத்துரிமைப் பிரச்சினை” என்றார் கொழுந்தனார். அறிவுக்கும் சொத்துக்கும் உறவு உண்டு என்று நம்புகிற ஒரே துறை அது.

அவர்கள் பிழைக்க வந்த அந்த வெளிநாட்டு ஊர்க்காரர்களுக்குச் சொந்தமாக ஒரு மொழி இருந்தது. கொழுந்தனார் ஒன்பது வருஷம் அங்கே வாழ்ந்தும் அந்த மொழியில் ஒரு சொல்லைக்கூட வாயில் படவிடாமல் காத்துக்கொண்டவர். அலுவலகத்தில் ஆங்கிலம் பேசினார். மற்ற இடங்களில் விரலால் சுட்டினார். அண்ணியோ ஒரு சலவை நிலையத்தில் ஆறு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவர். கூட மடிக்கிற பெண்களோடு அந்த மொழியில் ஊர்வம்பு பேசுவார், சண்டை போடுவார், சமாதானம் ஆவார். விளம்பரத் தாள்களை எழுத்துக்கூட்டிப் படிப்பார். இவை எதுவும் ‘தகுதி’ என்று கருதப்படவில்லை.

முதல் வழக்கறிஞரின் பலகையில் ‘ஆங்கிலம் பேசப்படும்’ என்று இருந்தது. பேசவும்பட்டது. வாருங்கள், உட்காருங்கள், மழை அதிகம், இங்கே கையெழுத்துப் போடுங்கள் ஆகிய நான்கு வாக்கியங்களையும் அவர் தங்குதடையின்றிப் பேசினார். ஐந்தாவதாக என்ன கேட்டாலும் மழைக்குத் திரும்பினார். இரண்டாமவரின் ஆங்கிலமோ அருவி. ஆனால் அவர் நாய்க்கடி வழக்குகளில் மட்டும் ஆஜராகிறவர். கொழுந்தனாருக்கு எழுந்து வர மனமில்லை.

“நாய்க்கடியா இருந்தா என்ன அண்ணி? இங்கிலீஷ் எப்படி வழுக்கிக்கிட்டு ஓடுது பார்த்தீங்களா?”

“வழுக்காம நிக்கணும்னுதானே தம்பி உங்கண்ணன் செஞ்சாரு” என்று அண்ணி தடியை ஊன்றி எழுந்தார்.

மூன்றாமவர்தான் தேடிய ஆள். சொத்துரிமையும் தெரியும், ஆங்கிலமும் தெரியும். வரவேற்பறைப் பெண்ணிடம் அண்ணி உள்ளூர் மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு எழுந்து போய் எடுத்து வந்தாள். கொழுந்தனார் கூசிப்போனார்.

“கண்ட பாஷையில பேசாதீங்க அண்ணி. நம்ம மதிப்பு என்ன ஆகிறது?”

நோட்டுப் புத்தகத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பொறுப்பைக் கொழுந்தனார் தாமே ஏற்றார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுவிட்டு வேறு மொழி எடுத்தவர் அவர். ஆகவே, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று ஒன்று உண்டென்பதும், அது என்றாவது அண்ணனின் நோட்டிலிருந்து எழுந்து வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது. விழா என்றால் கொண்டாட்டம்; கோல் என்றால் குச்சி. ‘கொண்டாட்டக் குச்சி’ என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய்திறக்காத அண்ணனுக்குள் இப்படி ஓர் ஆசை இருந்திருக்கிறதே. அண்ணி அதை ஊன்றி நடப்பது பிறகு வந்த உபயோகம் போலும். ரப்பர் நாக்கு எதற்கு என்று சற்று யோசித்து, ‘பலூன் கட்டுவதற்கு’ என்று விளக்கமும் சேர்த்தார். பக்கத்து அறையில் இருந்த அண்ணியைக் கேட்டிருக்கலாம். அவருக்குத்தான் ஆங்கிலம் தெரியாதே.

வழக்கறிஞர் அந்த ஆங்கிலத்தைப் பழுதில்லாமல் உள்ளூர் மொழியில் காப்புரிமை விண்ணப்பமாக மாற்றினார். அரசு அலுவலகம் அதைப் பழுதில்லாமல் பரிசீலித்தது. எங்கும் எவரும் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்வது கடமை.

எட்டு மாதம் கழித்து வழக்கறிஞர் இருவரையும் அழைத்து, எழுந்து நின்று கை கொடுத்தார். முத்திரை குத்திய சான்றிதழை மேசைமேல் வைத்தார். கூடவே, அவர் அனுப்பியிருந்த நோட்டீசுக்குக் கம்பெனி எழுதிய பதில் கடிதமும் இருந்தது. தங்களுடையது முட்டிவலிக்காரர்கள் ஊன்றி நடக்கும் தடி என்றும், அம்மையாருடையது பலூன் கட்டும் குச்சி என்றும், இரண்டுக்கும் மோதலே இல்லை என்றும், தங்கள் தடியில் எவரேனும் பலூன் கட்ட முயன்றால் உடனே தகவல் தருவதாகவும் கம்பெனி பெருந்தன்மையோடு எழுதியிருந்தது. வழக்கறிஞர் அதை ஆங்கிலத்தில் சொல்லக் கொழுந்தனார் கேட்டார். கேட்கக் கேட்க அவர் காது மடல் சிவந்தது. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி சான்றிதழை எடுத்து எழுத்துக்கூட்டினார். ஒரு சொல்லில் விரல் நின்றது. துணிக்கடைகள் தள்ளுபடி போடும்போது பலூனுக்கு நடுவில் எழுதித் தொங்கவிடுகிற சொல் அது. அடுத்த வரியில் பலூனே இருந்தது.

அவர் நிமிர்ந்து வழக்கறிஞரைப் பார்த்தார். பிறகு அந்த ஊர் மொழியில், சலவை நிலையத்துக் கொச்சையோடு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இது கொண்டாட்டம் இல்லை. இது விழாத தடி. என் முட்டிக்காக அவர் செய்தது. இதோ பாருங்கள் என்று மேசை விளிம்பில் மாட்டிக் காட்டினார்.

வழக்கறிஞர் தடியைப் பார்த்தார். ஐந்து சந்திப்புகளில் முதல் முறையாகப் பார்த்தார். தம் தாய்மொழியில் ஒரு கட்சிக்காரர் பேசிக் கேட்டு அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. மெதுவாகக் கோப்பைத் திறந்து, ‘எல்லாத் தகவல் பரிமாற்றமும் ஆங்கிலத்திலேயே’ என்று கொழுந்தனார் வற்புறுத்திச் சேர்த்திருந்த ஒப்பந்தப் பிரிவைக் காட்டினார். அம்மையார் இப்போது சொன்னதைப் புரிந்துகொள்ளத் தமக்கு அதிகாரம் இல்லை என்று உயர்ந்த ஆங்கிலத்தில் வருந்தினார். அதை ஆங்கிலத்தில் சொல்லும்படி கொழுந்தனாரைக் கேட்டுக்கொண்டார்.

“என்ன சொன்னீங்க அண்ணி?” என்றார் கொழுந்தனார், கீழே பார்த்தபடி.

அண்ணி சான்றிதழில் இருந்த கணவரின் பெயரைத் தடவினார்.

“ஒரு எழுத்துப் பிசகாம அவர் பேரைப் போட்டிருக்காங்க தம்பி. அவர் செய்யாத வேலைக்கு. செஞ்ச வேலையில வேற ஒருத்தன் பேரு நிக்குது. ரெண்டையும் இங்கிலீஷ்ல சொல்லுங்க.”

கொழுந்தனார் தொண்டையைச் செருமினார். ஒன்பது வருஷத்தில் அவர் பேசிய ஆங்கிலத்திலேயே மிகத் தெளிவான, இலக்கணப் பிழையே இல்லாத வாக்கியம் அப்போதுதான் வந்தது. அண்ணி மிகவும் மகிழ்ச்சியடைந்திருக்கிறார் என்றார்.

வழக்கறிஞர் நிம்மதியாக மூச்சு விட்டு, அதை அப்படியே கோப்பில் குறித்துக்கொண்டார். இன்றும் அது அங்கே ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆகவே உண்மை.