ஓடத் தெரிந்த கைக்குழந்தை

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு சக்கரம் என்று சிலர் நினைக்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் தத்தெடுப்பு அலுவலகத்துக்கு வந்ததில்லை. சக்கரம் வண்டியை நகர்த்தும், அவ்வளவுதான். எங்கள் கோப்போ, தான் நகராமலேயே மனிதர்களைத் தாயும் தகப்பனும் ஆக்கிவிடும்.

மற்றவர்கள் பிள்ளை பெறும் முறையைப் பாருங்கள். கொஞ்சமாவது ஒழுங்கு உண்டா? யாரும் அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியை அளப்பதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரிப்பதில்லை. கல்யாணம் நடந்ததற்கு ஒரு சான்றிதழ், அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு சான்றிதழ் என்று எதுவும் கேட்பதில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இப்படிப்பட்ட அராஜகத்துக்கு நடுவே நாட்டில் ஒழுங்காகப் பெற்றோர் ஆவதற்கு இருக்கும் ஒரே இடம் எங்கள் அலுவலகம்.

அங்கே நான் வீட்டு ஆய்வு அதிகாரி. ஒரு வீட்டுக்குள் போய், அங்கே பாசம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் 'உள்ளது' என்று எழுதுவது என் பணி.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவரும், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யும் அவர் மனைவியும் எங்களிடம் பதிவு செய்திருந்தார்கள். முதல் ஆய்வுக்குப் போனபோது இருவரும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களா?"

"சேச்சே, இல்லவே இல்லை சார்" என்றார் கணவர்.

"சண்டையே போடாதவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு எங்க விதி சொல்லுது."

"போடுவோம் சார்" என்றார் மனைவி அவசரமாக. "இவர் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுவார். நான் கத்துவேன்."

"நான் எங்கடி போட்டேன்? அது தலையணை மேல."

'சண்டை உள்ளது, போதுமான அளவு' என்று எழுதிக்கொண்டேன். ஓரமாகப் புத்தம்புதுத் தொட்டில் ஒன்று இருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு அவர்களுக்கு ஒரு குழந்தையைக் காட்டினோம். பல் முளைக்காத பெண் குழந்தை. மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. "இவதான் சார்" என்றார் அவர். கணவர் கைக்குட்டையைத் தேடினார்.

வேறு அலுவலகமாக இருந்தால் அப்போதே குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழித்திருப்பார்கள். நாங்கள் அப்படியா? இனி நீதிமன்ற உத்தரவு வரும்வரை குழந்தையை அவர்கள் பார்க்கக் கூடாது என்றோம். பார்த்தால் பாசம் வந்துவிடும். பாசம் வந்தபின் உத்தரவு வராமல் போனால் குழந்தையின் மனம் என்ன பாடுபடும்? போட்டோ மட்டும் கொடுக்கலாம். காப்பக ஆயா அதைக் குழந்தைக்குத் தினமும் காட்டி, "இவங்க உன் உத்தேச அம்மா, இவங்க உன் உத்தேச அப்பா" என்று சொல்ல வேண்டும். ஆயா 'உத்தேச' என்பதை விட்டுவிடுவதாகப் புகார் வந்து, அவருக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை கொடுத்தோம்.

அடுத்து மருத்துவச் சான்று, அடுத்து காவல்துறைச் சான்று. காவல்துறைச் சான்று வந்து சேர்ந்தபோது மருத்துவச் சான்று காலாவதியாகியிருந்தது. மருத்துவச் சான்றைப் புதுப்பிப்பதற்குள் காவல்துறைச் சான்று காலாவதியானது. இரண்டும் ஒருநாள் தற்செயலாக உயிரோடு சந்தித்துக்கொண்டபோது, என் ஆய்வறிக்கை காலாவதியாகிவிட்டது. எங்கள் மேலாளர் அன்று நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா? அவசரப்பட்டிருந்தா இதெல்லாம் காலாவதியானதே நமக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

எனவே மறு ஆய்வுக்குப் போனேன். அந்த வீட்டில் ஒரு பெரிய குறை கண்ணில் பட்டது.

"தொட்டில் எங்கே?"

"சார், அவ இப்ப ஓடுறாளாம் சார்" என்றார் கணவர். "தொட்டிலை மாடிவீட்டுக்குக் குடுத்துட்டுக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கோம், பாருங்க. கீழ விழாம இருக்க நானே கம்பி வெச்சேன்."

"கோப்புப்படி அது கைக்குழந்தை. கைக்குழந்தைக்குத் தொட்டில் கட்டாயம்."

"கோப்புலதானே சார் கைக்குழந்தை?"

"எங்களுக்குக் கோப்புல இருக்கிறதுதான் குழந்தை. வயசை மாத்தணும்னா முதல்லேர்ந்து பதிவு பண்ணணும்."

மனைவி எழுந்து மாடிக்கு ஓடினார். சற்று நேரத்தில் மாடிவீட்டுப் பெண்ணும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு தொட்டிலை இறக்கி வந்தார்கள். அதன் சொந்தக்காரன் மாடிவீட்டுப் பெண்ணின் இடுப்பில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம் எழுதச் சொல்லுங்கக்கா. இவன் தூங்குற நேரம்."

"இந்தக் குழந்தை யாரு?" என்றேன் கண்டிப்புடன்.

"என் குழந்தைதான்."

"சான்று இருக்கா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்கா, இவருக்குத் தண்ணி ஏதாவது குடுங்க" என்றாள்.

'தொட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நான் செருப்பு மாட்டுவதற்குள் தொட்டில் மாடியேறிவிட்டது.

இறுதியாக அந்த நன்னாள் வந்தது. நீதிமன்றத்தில் ஒரு பக்கம் தம்பதி. மறுபக்கம் ஆயாவின் கையைப் பிடித்தபடி, ரெட்டைப் பின்னல் போட்ட அந்தக் 'கைக்குழந்தை'. நான் எழுந்து, ஒவ்வொரு படியும் குழந்தையின் நலனுக்காகவே எடுத்து வைக்கப்பட்டது என்று சாட்சி சொன்னேன். நீதிபதி அம்மா சட்டப்படி குழந்தையைக் கேட்டார்.

"பாப்பா, இவங்க யாருன்னு தெரியுமா?"

"போட்டோல இருக்கிற அம்மா, அப்பா."

ஆயா தரையைப் பார்த்தார்.

"இவங்களோட போறியா?"

குழந்தை தலையாட்டியது. போட்டோ அம்மாவின் விரலைப் போய்ப் பிடித்துக்கொண்டது. உத்தரவு கையெழுத்தானது. கணவர் பகிரங்கமாக அழுதார். மனைவி, "ஏங்க, முகத்தைத் துடைங்க, அவ பயந்துடப் போறா" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார். எல்லாம் சுபம் என்று நான் கோப்பைக் கட்டும்போது குழந்தை அம்மாவை நிமிர்ந்து பார்த்தது.

"நான் என்ன தப்பு பண்ணேன்? ஏன் இத்தனை நாளா வந்து கூட்டிட்டுப் போகல?"

"நீ ஒண்ணும் பண்ணலடா கண்ணு" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். நீதிபதி அம்மாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். கடைசியில் குழந்தையும் என் பக்கம் திரும்பியது.

ஒரு பொறுப்புள்ள அதிகாரி சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

"அதையெல்லாம் வாயால கேக்கக் கூடாதும்மா. மனுவா எழுதிக் கொடுக்கணும்."

"எனக்கு எழுதத் தெரியாதே" என்றது குழந்தை.

எங்கள் அலுவலகத்தின் மீது இன்றுவரை எந்தக் குழந்தையும் புகார் கொடுத்ததில்லை என்பதை இந்த இடத்தில் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.