விகோவிடம் பேசிய சிறுநீரகம்

அன்று வடக்கு யூட்லாந்தில் எங்கள் ஊர் மண்டபத்தில் நிற்க இடமில்லை. பாதிரியார் ஜெபத்துக்குக் கூப்பிட்டால் தலைவலி வந்துவிடுகிற ஊர் இது. ஆவிகளோடு பேசும் விகோ வருகிறார் என்றதும் அக்கம்பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் காரேறி வந்துவிட்டது. சீட்டு வாங்கினால் காப்பியும் கிரீம் கேக்கும் உண்டு. பரலோகத்தைப் பசியோடு பார்க்க முடியுமா?

விகோவின் தனித்துறை, மாற்றி வைத்த உறுப்புகள். இறந்தவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால், அவர் யார் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் சொல்லமாட்டார்கள். சட்டம் அப்படி. யாருக்கும் தெரியாத விஷயத்தில் ஞானியாவது எவ்வளவு சௌகரியம்!

எங்கள் ஊர்ப் பெண் போடில் மேடையில் உட்கார்ந்திருந்தாள். புதுச் சிறுநீரகம் வைத்த பிறகு அவளுக்குக் கை நடுங்கியது. ஒருநாள் வலிப்பு வந்தது. சுவரோரம் இல்லாத ஆட்கள் நடப்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"அபூர்வமா சிலருக்கு இப்படி வரும்மா. உறுப்பைக் காப்பாத்துற மாத்திரை நரம்பைத் தொட்டிருக்கு. அளவை மாத்திப் பாக்கலாம்" என்று அப்போதே சொல்லியிருந்தார் டாக்டர்.

இதில் ஆவி இல்லை, அழுகை இல்லை, கேக்கும் இல்லை. யார் நம்புவார்கள்?

விகோ கண்ணை மூடினார். "அந்த மாத்திரைதாம்மா ஆவிக்குப் போட்ட விலங்கு. நிறுத்திடுங்க. அது கிளம்பிடும், நடுக்கமும் போயிடும்."

நிறுத்தினால் முதலில் போவது சிறுநீரகம். அடுத்துப் போவது போடில்.

"இன்னிக்குக் காலையில நான் போடலீங்க" என்றாள் போடில், பக்தியோடு.

பக்கத்து ஊர் தோரா விருட்டென்று மேடையேறினாள். டயாலிசிஸ் காலத்திலிருந்தே போடிலுக்குச் சிநேகிதி.

"ஐயா, எனக்கும் சிறுநீரகம் மாத்தியிருக்கு. குடுத்தவர் என்ன சொல்றாருன்னு கேளுங்களேன்."

"தோரா, உனக்குத்தான்..." என்று ஆரம்பித்தாள் போடில்.

"வாயை மூடிட்டு வேடிக்கை பாருடி."

விகோ உடம்பைச் சிலுப்பினார். "வாலிபன்... மீன்பிடிப் படகு... மூழ்கிட்டான். 'குளிருது, என்னை விட்டுடு'ன்னு அழறான்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"குளிருதாமா? கம்பளிச் சட்டை பின்னிக் குடுத்தேனே! ஏங்க, எஸ்கில்! கேக்கைக் கீழ வச்சிட்டு எந்திரிங்க" என்று கத்தினாள் தோரா.

கூட்டத்தின் நடுவே ஒரு பருத்த கிழவர் எழுந்தார். மீசையில் கிரீம். சட்டையைத் தூக்கி விலாவில் இருந்த தழும்பைக் காட்டினார்.

"மூழ்கலை தம்பி. படகைப் பாத்தாலே எனக்கு வாந்தி வரும்."

"என் புருஷன்! எனக்குக் குடுத்தவரு இவருதான்" என்றாள் தோரா. "எனக்கும் கை நடுங்கிச்சு. டாக்டர் மருந்தளவை மாத்தினாரு, நின்னுடுச்சு. எந்த ஆவியும் டாட்டா காட்டலை."

விகோ சளைக்கவில்லை. "உயிரோட இருக்கறவங்க ஆவியும் தூக்கத்துல உலாவும்!"

முன்வரிசை அம்மாள் ஒருத்தி அதையும் நம்பித் தலையாட்டினாள். ஆம், இப்போதும்!

"நான் எங்கய்யா தூங்கினேன்? தின்னுட்டுல்ல இருந்தேன்" என்றார் எஸ்கில்.

மண்டபம் அதிரச் சிரித்தது. விகோ கோட்டை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் தேடினார். ஆவிகள் வழிகாட்டவில்லை போலும், முதலில் துடைப்ப அறைக்குள் நுழைந்தார்.

போடில் அழுதாள். "இப்ப நான் என்னடி செய்ய?"

"ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. காலையில விட்டதையும் சொல்லு, நடுக்கத்தையும் சொல்லு. எதையும் மறைக்காத."

நடுங்கும் விரலால் போடிலே எண்களை அழுத்தினாள்.

சிறுநீரகம் கெட்டால் மாற்றி வைக்க டாக்டர் இருக்கிறார், சனங்களே. மூளையை மாற்றி வைக்க இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை. இருப்பதையாவது எடுத்து உபயோகியுங்கள்.