நல்ல ஆடு போட்ட எண்ணெய்க் கடை

விழுப்புரத்தில் 'ஜன்னல் சீட்டு' பார்த்துச் சரி சொல்லாத லோகோவை மாட்டினால், அந்தக் கடையில் ஈ கூட உட்காராது. அவரே இதைச் சொல்லிச் சொல்லி, நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

ஜன்னல் சீட்டு என்பது நாங்கள் அவருக்கு வைத்த பெயர். எங்கள் தெருக்காரர். ஓய்வு பெற்ற கண்டக்டர். "லோகோவ ஓடுற பஸ்ஸுல இருந்து பார்க்கணும் சார். மூணு எண்றதுக்குள்ள என்னா கடைன்னு தெரியணும்" என்பார். அதற்காகவே பஸ் ஏறுவார். ஜன்னலோரம் யாராவது இருந்தால் எழுப்பியும் விடுவார்.

என் மனைவி தேன்மொழி டீச்சர் வேலையை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் செக்கு எண்ணெய்க் கடை போட்டாள். "இது ஓடலேன்னா உங்க அம்மா மூஞ்சியில எப்படிங்க முழிப்பேன்?" என்று தினமும் என்னைக் கேட்பாள். லோகோ பொறுப்பை ஜன்னல் சீட்டு தானாகவே எடுத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றபடி கோயம்புத்தூர் டிசைனருக்குப் போன் போட்டார்.

"தம்பி, மல்லாட்டை பெருசா போடு! வேற ஒண்ணும் வேணாம்!"

படம் வாட்ஸப்பில் வந்தது. அவர் எங்களை அதைத் திறக்கவே விடவில்லை. "போன்ல பார்த்தா எல்லாம் அழகாத்தான் தெரியும். ஜல்தி பேனர் அடிச்சு மாட்டச் சொல்லு!" திண்டிவனத்து பேனர்காரரும் அப்படியே மாட்டிவிட்டார்.

திறப்பு விழா காலையில் மூவரும் பஸ் ஏறினோம். கடை நெருங்கியதும் ஜன்னல் சீட்டு முன்சீட்டு அம்மாவைக் கேட்டார்.

"அதோ பாரும்மா, அது என்னா கடை?"

"கறிக்கடைங்க."

பேனரில் கொம்பு முறுக்கிய ஓர் ஆடு நின்றது. வேறு ஒன்றும் இல்லை, கடைப் பெயர்கூட இல்லை. டிசைனர் காதில் 'நல்லாட்டை' என்று விழுந்திருக்கிறது. எங்கள் ஊரில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம் என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்! ஆடு நல்ல ஆடுதான், குறை சொல்ல முடியாது.

வாசலில் ஒருவர் பையோடு நின்றிருந்தார். "அரை கிலோ குடுங்க, எலும்பு இல்லாம."

தேன்மொழி அழுதேவிட்டாள். ஜன்னல் சீட்டின் முகம் செத்துப்போனது.

"என்னாலதாம்மா இந்தப் பேஜாரு. நீ கடையத் தொற, நான் பார்த்துக்கறேன்" என்று மறுபடி பஸ் ஏறினார்.

அன்று முழுக்க அந்த வழியே போன டவுன் பஸ்களின் ஜன்னலில் இருந்து ஒரே குரல்: "கறிக்கடை இல்லீங்க! மல்லாட்டை எண்ணெய்! ஆடு சும்மா நின்னுக்கினு இருக்கு!"

சாயங்காலம் எண்ணெய் தீர்ந்தது. அவருக்குத் தொண்டையும் தீர்ந்தது.

இப்போது ஊரே 'ஆட்டுக்கடை எண்ணெய்' என்கிறது. பேனரை மாற்றலாமா என்று கேட்டேன், தேன்மொழி சண்டைக்கு வந்தாள். தினமும் கடையைத் திறந்ததும் வாசலில் நின்று, வரும் பஸ்ஸின் ஜன்னல்களைப் பார்க்கிறாள். அதில் ஒரு கை ஆடிய பிறகுதான் அவளுக்கு முதல் போணி.