கூம் கொண்டுவந்த கிடார்

இந்த வருஷம் குலசாமி நாளுக்குள் இந்த வீட்டில் ஒரு எலக்ட்ரிக் கிடார் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தான் இருக்கப் போவதில்லை என்று மிலூதின் முடிவெடுத்தபோது அவன் கையில் ஒரு கருகிய குடைமிளகாய் இருந்தது.

வீர முடிவுகளுக்கு ஏற்ற கோலம் இல்லைதான். ஆனால் செப்டம்பர் மாதத்தில் நீஷ் நகரத்து ஆண்பிள்ளைகள் வேறு எந்தக் கோலத்திலும் கிடைக்க மாட்டார்கள். ஊர் முழுக்க பால்கனிக்கு பால்கனி சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்துக்கு அதை அரைத்து வதக்கி, அய்வார் என்று ஜாடி ஜாடியாக அடைத்து வைக்காத குடும்பத்துக்கு அங்கே பெண் கொடுக்க மாட்டார்கள். சுடுவது புருஷன், தோல் உரிப்பது புருஷன், பெயர் மட்டும் பெண்டாட்டிக்கு என்பது மிலூதினின் கட்சி. மற்ற பதினோரு மாதமும் அடுப்படியில் நிற்பது யார் என்ற கேள்வியை அந்தக் கட்சி விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை.

"நெவென்கா, ஒண்ணு சொல்லணும்," என்றான் பெண்டாட்டியிடம்.

"மிளகாயப் பாத்துக்கிட்டே சொல்லு. தீயுது."

"நான் ஒரு எலக்ட்ரிக் கிடார் வாங்கப் போறேன்."

"சரி, அந்தக் கூடைய இப்படித் தள்ளு."

"சரியா?"

"கூடைக்குச் சொன்னேன். கிடாருக்குச் சொல்லல."

"விலை கட்டுப்படியாகும், நெவென்கா. எல்லாத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரு கிடார். கூட ஒரு ஆம்ப்ளிஃபயர். ஓவர்டைம் பண்ணின பணம் இருக்கு."

"எல்லாத்துக்கும்னா? மாவு பிசையுமா?"

"எல்லாப் பாட்டுக்கும்."

"உனக்கு எத்தனை பாட்டுத் தெரியும்?"

இது அநியாயமான கேள்வி. மிலூதினுக்குத் தெரிந்தது ஒன்றரைப் பாட்டு. படிக்கிற காலத்தில் விடுதியில் யாரோ வைத்திருந்த கிடாரில் கற்றது. அந்த மீதி அரைப் பாட்டு வராமல் போனதற்குக் காரணம் தன்னிடம் நல்ல கிடார் இல்லாததுதான் என்று கல்யாணம் ஆன நாள் முதல் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"வீட்டுலதான் ஏற்கனவே ஒரு கிடார் இருக்கே," என்றாள் நெவென்கா.

"அதுவா? அது கிடாரா? குழந்தைங்க முயல் பாட்டுக்கு நீ டொய்ங் டொய்ங்னு தட்டற பெட்டி."

நெவென்கா பாலர் பள்ளி ஆசிரியை. ஒரு வகுப்புக் குழந்தைகளை, மூக்கொழுகுவது, கடிப்பது, அம்மாவைக் கேட்டு அழுவது என எல்லா ரகத்தையும், தினமும் காலையில் அந்த மரக் கிடாரை வைத்தே உட்கார வைக்கிறாள். அது சங்கீதம் இல்லையாம். ஒன்றரைப் பாட்டு சங்கீதமாம். இதற்கு என்ன நியாயம் என்று மிலூதினைக் கேட்டுப் பயனில்லை. அவனிடம் இருந்தது ஆசை மட்டும்தான்.

நெவென்கா ஒரு மிளகாயின் தோலை மட்டும் ஒரே இழுப்பில் உரித்தாள். பதில் பக்கத்துப் பால்கனியிலிருந்து வந்தது. ரூஷா அத்தை அங்கே தன் மிளகாயைச் சுட்டபடி இந்த வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா மிலூதின், ஆம்ப்ளிஃபயர்னா என்ன?"

"சத்தத்தைப் பெருசாக்கற பெட்டி, அத்தை."

"உனக்கு எதுக்கு அது? நீ விடற குறட்டைக்கே என் வீட்டு சாமி படம் கோணலாயிருக்கு."

நெவென்கா சிரித்து முடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள். "நீ கிடார் வாங்கிட்டு வந்தா வாசல்லயே வாங்கி அத்தைகிட்ட கொடுத்துடுவேன். தக்காளிக் கொடிக்கு முட்டுக் கொடுக்கட்டும்."

நேர்வழி அடைபட்டால் குறுக்குவழி. குறுக்குவழியின் பெயர் விதோமிர்.

விதோமிர் பாய்லர் ரிப்பேர்காரன். அது முக்கியமில்லை. மிலூதினின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், அதாவது 'கூம்'. அதன்பின் இருவரும் ஒருவருக்கொருவர் கூம்தான். அந்த ஊரில் அண்ணன் தம்பியோடு சண்டை போடலாம், மாமனாரோடு வழக்குப் போடலாம். கூமின் முகம் கோணக் கூடாது. அதிலும் குலசாமி நாளில், குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றியிருக்கும்போது, கூம் கருங்கல்லைக் கொண்டுவந்தாலும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்ள வேண்டும்.

மிலூதின் மதுக்கடையில் அவனை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"கூமே, பணம் என்னுது, கை உன்னுது. நம்ம வாங்கறோம். நீ வெச்சிருக்கே. குலசாமி நாளன்னிக்கு எல்லார் முன்னாடியும் கொண்டுவந்து நீட்டறே. அவ என்ன செய்வா?"

"வாங்கிக்குவா. வேற வழி இல்ல."

"அவ்வளவுதான். தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்."

விதோமிர் மூக்கைச் சொறிந்தான். "கூமே, இந்த மாதிரி வேலைக்கு ஒரு கூமைக் கூப்பிடலாமான்னு யோசிச்சியா?"

"உன்ன விட்டா எனக்கு யாரு?"

விதோமிர் இன்னும் கொஞ்சம் மூக்கைச் சொறிந்துவிட்டுச் சரி என்றான். மிலூதினின் பியருக்கும் அவனே காசு கொடுத்தான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடைக்குப் போன நாளில்தான் மிலூதினுக்கு ரத்தம் கொதிக்க ஆரம்பித்தது. அவன் மனதில் இருந்தது ஒரு கறுப்புக் கிடார். எருது மாதிரி இரண்டு கொம்பு, கை கொள்ளாத கழுத்து. பக்கத்தில் ஃபிரிட்ஜ் உயரத்துக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர். கடைக்காரர் தாடியை நீவியபடி பொறுமையாகக் கேட்டார்.

"என்ன மாதிரி பாட்டு வாசிப்பீங்க?"

"எல்லாம்," என்றான் மிலூதின்.

"ஒன்றரை," என்றான் விதோமிர்.

கடைக்காரர் மூன்று கிடாரை எடுத்துப் போட்டார். "தந்திக்குக் கீழ காந்தச் சுருள் இருக்கு பாருங்க. ஒத்தைச் சுருள்னா மணி மாதிரி கணீர்னு பேசும். ரெட்டைன்னா உறுமும். நீங்க கேட்ட கறுப்பு உறுமும், உறுமறத தவிர ஒண்ணும் தெரியாது. இதுல பாருங்க, ரெண்டு ஒத்தை, தந்தியத் தாங்கற குதிரைப் பக்கம் ஒரு ரெட்டை. இந்தச் சுவிட்சத் தள்ளினா கல்யாண வீடு, இப்படித் தள்ளினா இடி. முதல் கிடாருக்கு, பணத்துக்கு, இதுக்கு மேல வேண்டாம்."

"அப்ப இதுலயே கறுப்பு, தடிச்ச கழுத்து," என்றான் மிலூதின்.

"பாய்லர் கிராக்கி கூப்பிடறான்," என்று விதோமிர் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனான். திரும்பி வந்தவன் வேறு ஆள்.

"ஒல்லிக் கழுத்துதான் வேணும், கூமே."

"என் கை பெருசுய்யா."

"விரல் சுலபமா சுத்தும்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீ பாய்லர்காரன்."

"பாய்லர்லயும் குழாய் இருக்கு. அப்புறம் இது கனமா இருக்கு. தோள் வலிக்கும்."

"யார் தோள்?"

"பொதுவாச் சொன்னேன்."

இன்னொரு கிராக்கி கூப்பிட்டான். விதோமிர் போய் வந்தான். இப்போது நிறத்தில் கருத்து வந்துவிட்டது. வெளிர்பச்சை வேண்டுமாம்.

"பச்சையா? அதத் தோள்ல மாட்டினா நான் தவளை மாதிரி இருப்பேன்."

"ஊர் முன்னாடி கொடுக்கப் போறது நான். கூம் ஆசைப்பட்ட கலர்னா ஒரு மரியாதை கிடையாதா?"

அதற்கு மேல் என்ன பேசுவது? கூமின் முகம் கோணக் கூடாது. மிலூதின் பல்லைக் கடித்தான். ஆம்ப்ளிஃபயரையாவது காப்பாற்றலாம் என்று ஃபிரிட்ஜ் பக்கம் நகர்ந்தான். இம்முறை கடைக்காரரே காலை வாரினார்.

"மாடி வீடா? அப்ப இதை வாங்கிச் சத்தக் குமிழைத் திருகாமலே வெச்சிருப்பீங்க. அதுக்கு ஒரு பீரோ வாங்கலாம். சின்னதுன்னா நல்லாத் திறந்து வாசிக்கலாம், சத்தத்துல உயிர் இருக்கும். மத்தியான ஓய்வு நேரத்துல யாராவது கத்தினா ஹெட்போன் சொருகிக்கலாம்."

"ஹெட்போன் நான் வாங்கித் தரேன்," என்றான் விதோமிர் தாராளமாக.

காளை பிடிக்கப் போனவன் பச்சைக் கிளியோடு வெளியே வந்தான். ஆனாலும் கிளி தன்னுடையது என்ற ஒரே ஆறுதல்.

அந்த ஆறுதலும் விதோமிரின் கேரேஜில் பூட்டிக் கிடந்தது. ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன் என்று போகும்போதெல்லாம் சாவி எங்கோ போயிருந்தது. வாசிக்க வழியில்லாத மிலூதின் சவரக் கண்ணாடி முன்னால் நின்று ஆச்சரியப்படப் பழகினான். புருவத்தை ஏற்றி, வாயைத் திறந்து, 'ஐயோ கூமே, இதெல்லாம் எதுக்கு' என்று. நெவென்கா அதையெல்லாம் கவனிக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம் மேல் கூட்டமாக நடந்தது. இந்தக் காலத்துக் குழந்தைகள் கெட்டுப்போய்விட்டன என்று மிலூதின் நினைத்துக்கொண்டான்.

நவம்பரில் அவர்கள் குலசாமியான புனித ஜார்ஜின் நாள் வந்தது. பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி, ஒயின் தெளித்து ஆசி சொன்னார். மெழுகுவத்தி எரிந்தது. யாரையும் அழைக்கவில்லை, குலசாமி நாளுக்கு அழைப்பது வழக்கமும் இல்லை. எல்லாரும் வந்துவிட்டார்கள். வெந்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் பொட்டலக் கறிக்காக உட்கார்ந்தார்கள். நெவென்கா வெளிர்பச்சையில் புது உடுப்பு உடுத்தியிருந்தாள். மிலூதின் அதைப் பார்த்தான், பார்த்ததோடு சரி.

விதோமிர் ஒரு நீளப் பெட்டியும் ஒரு குட்டைப் பெட்டியுமாக வந்தான். "நெவென்கா, இந்த வீட்டுக்கு ஒரு சின்னக் காணிக்கை."

மிலூதின் பழகி வைத்த முகத்தைப் போட்டான்.

"மிலூதினுக்கு வயித்து வலியா?" என்றாள் ரூஷா அத்தை.

நெவென்கா கையைத் துடைத்துக்கொண்டு விதோமிரின் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தாள். "கூம் கொண்டுவந்தத வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

ஜெயித்தாயிற்று. மிலூதின் ஒயின் ஜாடியை வைத்தான், ஆம்ப்ளிஃபயரைச் சொருகினான், கிடாரை எடுத்தான், நாற்காலியை இழுத்தான். உட்காரக் காலை மடித்தான்.

"என்ன பண்றே?" என்றாள் ரூஷா அத்தை.

"உட்கார்றேன்."

"குலசாமி நாளன்னிக்கு வீட்டுக்காரன் உட்கார்றானாம். கேட்டீங்களா ஃபாதர்? கடைசி விருந்தாளி படியிறங்கற வரைக்கும் நின்னு பரிமாறணும். உங்கப்பா கால் நரம்பு சுருண்டுபோயும் நின்னாரு."

பாதிரியார் வாய் நிறையக் கறி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

"நின்னுக்கிட்டே வாசிக்கிறேன். இதுக்கு வார் இருக்கு."

"ஒயின் யாரு ஊத்துவா? வாரா?"

காலிக் கோப்பைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மிலூதின் ஒரு கையில் கிடாரும் ஒரு கையில் ஜாடியுமாக நின்றான். எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் மனிதனுக்கு இரண்டே கை.

"நீ ஊத்து," என்று நெவென்கா கிடாரை மெதுவாக வாங்கிக்கொண்டாள். "இது சும்மாதானே இருக்கு, நான் பாக்கறேன்."

உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வில்லையை எடுத்தாள். தந்தியை மீட்டும் வில்லை. முனை நன்றாகத் தேய்ந்திருந்தது. முறுக்காணிகளைத் திருகிச் சுருதி சேர்த்தாள். ஒல்லிக் கழுத்தைச் சுற்றி அவள் சின்ன விரல்கள் அச்சாக உட்கார்ந்தன. முதலில் முயல் பாட்டு கணீரென்று வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். சுவிட்சைத் தள்ளினாள். அதே முயல் உறுமிக்கொண்டு பாய்ந்தது, கல்யாண ஆட்டமாக மாறியது, ரூஷா அத்தை எழுந்து பாதிரியாரின் கையைப் பிடித்து ஆட ஆரம்பித்தாள். மிலூதினின் ஒன்றரைப் பாட்டும் வந்தது. அந்த மீதி அரையும் வந்தது.

"அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே," என்றாள் ரூஷா அத்தை மூச்சு வாங்கியபடி. "உடுப்புக்கும் சேருது. யாரு தேர்ந்தெடுத்தா?"

"மிலூதின்தான்," என்றாள் நெவென்கா. "எனக்குத் தெரியக் கூடாதுன்னு கூமை முன்னால விட்டு, ஓவர்டைம் பணத்துல எனக்கு வாங்கியிருக்காரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்காரு, பாவம்."

பெண்கள் எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். பிறகு திரும்பித் தங்கள் தங்கள் புருஷனைப் பார்த்தார்கள். பாதிரியார் ஆடிக்கொண்டே சிலுவைக்குறி போட்டு ஆசீர்வதித்தார். இல்லை என்று மறுக்கலாம். மறுத்தால் எது உண்மை என்று சொல்ல வேண்டும். மிலூதின் ஒயின் ஊற்றினான்.

அடுப்படியில் விதோமிர் தனியாக மாட்டினான்.

"என்னை வித்துட்டியே கூமே."

"உன் கல்யாணத்துல நான் யாருக்குச் சாட்சி?"

"எனக்கு."

"பக்கத்துல ஒருத்தி வெள்ளை கவுன் போட்டு நின்னாளே, அவளுக்கு?"

மிலூதின் அடுப்பிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்து மூடினான்.

"பாதிக் கல்யாணத்துக்கிட்ட மறைச்சு மீதிக் கல்யாணத்துக்கு உதவ எந்தக் கூமாலயும் முடியாது. நீ சொன்ன அன்னிக்கே போய்ச் சொல்லிட்டேன். அந்தப் பாய்லர் கிராக்கி அவதான். பெற்றோர் கூட்டமெல்லாம் என் கேரேஜ்லதான் நடந்துச்சு." சட்டைப் பையிலிருந்து ஹெட்போனை எடுத்து அவன் கையில் வைத்தான். "இது மட்டும் உனக்கு. அவ வாசிக்கறப்ப நீ டிவி பாக்க."

நெவென்கா காலி ஜாடியோடு உள்ளே வந்தாள்.

"உனக்குக் கிடார் வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றான் மிலூதின். இப்போது அவன் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

"சொன்னேனே. வீட்டுல ஏற்கனவே ஒரு கிடார் இருக்குன்னு சொன்னேன். அது கிடாரான்னு கேட்ட." ஜாடியை அவன் கையில் கொடுத்தாள். "போ, கோப்பையெல்லாம் காலி."

"அப்ப நான் எப்பதான் வாசிக்கறது?"

நெவென்கா நியாயமாக யோசித்தாள். "எனக்குப் பெற்றோர் கூட்டம் இருக்கிற அன்னிக்கெல்லாம் நீ எடுத்துக்கோ."

அதற்கப்புறம் அந்தப் பாலர் பள்ளியில் பெற்றோர் கூட்டமே நடக்கவில்லை.