பத்துப்பக்கம் அண்ணனும் திறக்காத கதவும்

வந்த வாடிக்கையாளரை விரட்டுவதற்கென்றே கள்ளக்குறிச்சியில் கடை வைத்த ஒரே மனிதர், பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த 'பத்துப்பக்கம்' அண்ணன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் பத்துப் பக்கத்துக்கு மேல் நகல் எடுக்க மாட்டார். அதனால் வந்த பெயர்.

"முழு புக்கும் போடுண்ணே, பரீட்சை" என்று கல்லூரிப் பிள்ளைகள் கெஞ்சுவார்கள்.

"மீதிய காசு குடுத்து வாங்கு. எழுதனவரு வூட்லயும் அடுப்பு எரியணுமில்ல?"

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இவர் புண்ணியத்தில் மாடி கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு இவரும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

இப்படிப்பட்டவருக்கு அவர் மகள் ஒரு இ-ரீடர் வாங்கிக் கொடுத்தாள். டிஜிட்டல் நூலகத்தில் இரவல் எடுத்துப் படிக்கலாம். ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும், தவணை முடிந்தால் புத்தகம் தானாகவே மறைந்துவிடும். இந்த விதியை அவரே எழுதிக் கொடுத்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். தோளுக்குப் பின்னால் யாராவது எட்டிப் பார்த்தால் கருவியை மார்போடு அணைத்துக்கொள்வார். "எம் பேர்ல எடுத்தது. நீ வரிசையில நில்லு" என்பார்.

ஆனால் படித்ததை வாயால் சொல்லத் தடையில்லையாம். சாயங்காலமானால் கதை ஆரம்பித்துவிடும். ஆபீஸ் விட்டு நானும் அங்கேதான் நிற்பேன். முதல் வரிசை ரசிகை சின்னப்பொண்ணு அக்கா. கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவந்து விற்றுவிட்டு, வெள்ளிமலை பஸ் வரும்வரை கடைப் படியில் உட்கார்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. கதை சுவாரசியத்தில் பஸ்ஸைக் கோட்டைவிட்டதும் உண்டு.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது, தொலைந்துபோன தங்கையை ஊர் ஊராகத் தேடும் ஒருத்தியின் கதை. அண்ணன் அன்றன்றைக்குச் சொல்லவேண்டியதை மட்டுமே படிப்பார். "முன்னாடியே படிச்சிட்டா என் மூஞ்சி காட்டிக் குடுத்துடும்" என்பார். ஒருநாள் கதாநாயகி கடைசியில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மறுநாள் புத்தகம் மாயம். தவணை முடிந்துவிட்டது, வரிசையிலும் நீளமாய் ஆட்கள்.

அக்கா அன்று கூடையில்லாமல் வந்திருந்தார்.

"வயித்துல கட்டியாம் தம்பி. சேலத்துல ஆபரேசன். பொழைக்கிறனோ இன்னாவோ. அந்தக் கதவ தொறந்தாளா, அத மட்டும் சொல்லிடு."

என் போனில் அந்தப் புத்தகத்தின் திருட்டுக் கோப்பு யாரோ அனுப்பி, படிக்காமல் கிடந்தது. எடுத்து நீட்டினேன். அண்ணனின் கை பாதி தூரம் வந்தது. வந்த கை திரும்பிவிட்டது.

"வேணாம் சார். போயிட்டு வாக்கா. என் முறை வந்ததும் சேந்து பாப்போம்."

அக்கா எழுந்து போனார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ஜெராக்ஸ் மெஷினைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன். கனம்தான் தடுத்தது.

"உங்க சட்டத்துல இரக்கத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லையாண்ணே?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மனசு கேட்காமல் மறுபடி போனபோது இரவல் வரிசையில் அவர் முறை வந்திருந்தது. அண்ணன் புத்தகத்தைத் திறக்காமலே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அக்கா இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

"நீங்களாவது படிச்சிருக்கலாமே?"

"சும்மா வெச்சிக்கினு இருந்தா பின்னாடி நிக்கறவங்க பாவம் சார்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கி சட்டத்துக்காக மட்டும் சொல்லல. அந்தக் கதவு மூடியே இருக்கட்டும். அத கேக்கவாச்சும் அக்கா வந்துதான ஆவணும்."

மழைக்காலம் முடியும்போது அக்கா வந்தார். பாதியாக இளைத்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"கதவு தொறந்துச்சா தம்பி?"

"எனக்கும் தெரியாதுக்கா. வரிசையில நிக்கிறோம்."

"அதுக்கா நான் அவசரமா எழுந்து வந்தேன்?" என்று அக்கா திட்டினார். அண்ணன் மெஷின் பக்கம் திரும்பி நின்று, காகிதமே வைக்காமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். நான் போனிலிருந்த கோப்பை அழித்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.